ஓட்டலுக்கு பில்லிங் சிஸ்டம் வாங்குமுன் கல்லாவில் இருப்பவர் கேட்க வேண்டியவை

பில்லிங் சிஸ்டம் விற்க வருகிற தம்பிகள் எல்லோரும் மதியம் மூன்று மணிக்குத்தான் வருவார்கள். அந்நேரம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். டேப்லெட்டில் விரலை வைத்தால் மசால் தோசை ஏறும், டேபிளின் நிறம் மாறும், பில் சர்ரென்று வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கேரள எல்லையோரம் செங்கோட்டையில் புளியரை ரோட்டில் சைவ ஓட்டல் வைத்திருக்கிற எங்களுக்குக் கார்த்திகை, மார்கழியில் இரண்டு ஐயப்ப பஸ் சேர்ந்தாற்போல வந்து நிற்கிற நேரம்தான் கணக்கு. வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். கரண்ட் போகும், நெட் போகும், சாமிமார் கூட்டம் மட்டும் போகாது. அந்த நேரத்தில் பில் வருமா என்று பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நெட் இல்லாமலும் ஓடும் என்று சொல்லாத விற்பனையாளர் கிடையாது. டெமோ நடக்கும்போதே ரூட்டருக்கு வருகிற இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். பில் வர வேண்டும், சமையலறைக்குச் சீட்டும் போக வேண்டும். ரூட்டரின் கரண்டை நிறுத்தினால் கதை வேறு. கிச்சன் பிரிண்டர் பெரும்பாலும் ரூட்டர் வழியாகத்தான் கல்லாவோடு பேசுகிறது. அதனால் கல்லா கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வாங்கி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. ரூட்டருக்கும் கிச்சன் பிரிண்டருக்கும் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு இடத்தில் பில் போடுகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: நெட் இல்லாத நேரத்தில் இரண்டு மெஷினும் ஒரே பில் நம்பரைக் கொடுத்துவிடுமா? ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் ஒரே நம்பர் இரண்டு முறை வரக் கூடாது, வரிசையும் தவறக் கூடாது, மொத்தம் 16 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி முன்னெழுத்து வைக்க முடிகிற சாஃப்ட்வேர் என்றால் பிரச்சினை தீர்ந்தது.

இனி சமையலறை. ஆர்டர் சீட்டை எல்லோரும் கேஓடி என்பார்கள். அதை அடிக்க, கல்லாவில் வைக்கிற அதே தெர்மல் பிரிண்டரையே உள்ளேயும் வைக்கச் சொல்வார்கள். தெர்மல் பேப்பரில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து விழுகிறது. தோசைக்கல் பக்கத்தில் அந்தச் சீட்டைக் குத்தி வைத்தால் சீட்டு முழுக்கக் கறுத்துப் போகும். உள்ளே ரிப்பன் போட்டு அடிக்கிற பழைய மாதிரி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் எனக்குப் பிடித்தது. சத்தம் போடும். போடட்டும், ஆர்டர் வந்தது மாஸ்டருக்குக் காதிலேயே தெரிந்துவிடும். வெளியே கல்லாவுக்கு 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் வாங்குங்கள், தானாகக் கத்தரிக்கிற வசதி இருக்கட்டும். 58 மில்லிமீட்டர் பேப்பரில் 'நெய் வெங்காய ரவா தோசை' இரண்டு வரிக்கு மடங்கும்.

எழுத்துதான் எல்லைப் பக்கத்துக் கடைகளுக்கு நிஜமான தலைவலி. எங்கள் தோசை மாஸ்டர் தமிழ் படிப்பார், புனலூரிலிருந்து வருகிற, மற்ற சமையலைப் பார்க்கிற சரக்கு மாஸ்டர் மலையாளம் மட்டும் படிப்பார், பில் வாங்குகிறவருக்கு ஆங்கிலம் இருந்தால் போதும். ஆகவே ஒவ்வொரு அயிட்டத்துக்கும் பில்லில் ஒரு பெயரும் சமையலறைச் சீட்டில் வேறு பெயரும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். அதே சீட்டு தோசைக்கல்லுக்கு ஒன்று, டீ அடிக்கும் இடத்துக்கு ஒன்று என்று தானாகப் பிரிந்து போகவும் வேண்டும். முடியும் என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், அடித்துக் காட்டச் சொல்லுங்கள். நிறைய பிரிண்டர்களுக்குத் தமிழோ மலையாளமோ சொந்தமாக வராது. சாஃப்ட்வேர் எழுத்தைப் படமாக்கி அனுப்பினால்தான் ஒழுங்காக விழும். 'கொத்து பரோட்டா' என்று அடித்துப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று சிதறினால் அந்த பிரிண்டர் நமக்கு ஆகாது. மலையாளத்தில் சில்லு எழுத்து, அதாவது ன், ர், ல் போன்ற மெய்க்கு இருக்கிற தனி வடிவம், வருகிற பெயராக ஒன்று அடித்துப் பார்க்க வேண்டும்.

"அக்கா, சர்க்கரை கம்மின்னு இதுல எங்க போட்டிருக்கு?" என்று டீ மாஸ்டர் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்பார். அதற்குத்தான் அயிட்டத்தோடு குறிப்பு சேர்க்கிற வசதி. ஸ்ட்ராங், லைட், சர்க்கரை இல்லாமல், பூண்டு வெங்காயம் போடாமல் என்று நாலைந்து பட்டன் முன்கூட்டியே செய்து வைக்க முடிய வேண்டும். விரத காலத்தில் பூண்டு வெங்காயம் சங்கதியைத் தவறவிட்டால் குருசாமியே எழுந்து கல்லாவுக்கு வந்துவிடுவார்.

பஸ்ஸில் வருகிறவர்களில் சில குழுவுக்குக் குருசாமி ஒருவரே மொத்தமும் கட்டுவார், சில குழுவில் ஆளாளுக்குத் தனி பில். டேபிள்களைச் சேர்க்கவும் பில்லைப் பிரிக்கவும் எத்தனை தடவை தட்ட வேண்டியிருக்கிறது என்று உங்கள் விரலாலேயே தட்டிப் பாருங்கள், விற்க வந்தவர் விரலால் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பணம் வாங்கி டோக்கன் கொடுக்கிற கடை என்றால் டேபிள் படமே தேவையில்லை, அயிட்டத்தைத் தட்டியதும் பில் வருகிற முறை போதும். டீக்கடை, பஜ்ஜிக்கடைக்காரர்கள் இதற்கெல்லாம் காசைப் போடாதீர்கள். பேட்டரியில் ஓடுகிற, உள்ளேயே பிரிண்டர் இருக்கிற கையடக்க பில் மெஷின் உங்களுக்குத் தாராளம்.

வரி விஷயத்தில் எல்லைக்கு இரு பக்கத்துக்காரர்களும் குழப்பிக்கொள்கிறார்கள். கேரளாவிலிருந்து வந்தவர் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டால், மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடுகிற ஐஜிஎஸ்டி கிடையாது. சாப்பாடு எங்கே பரிமாறப்பட்டதோ அந்த மாநிலத்தின் வரிதான். 32 என்று தொடங்குகிற கேரள ஜிஎஸ்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி பெயரில் பில் கேட்டாலும், 33இல் தொடங்குகிற நம்முடைய கணக்கில் 2.5 சதவீதம் மத்திய வரி, 2.5 சதவீதம் மாநில வரிதான் வர வேண்டும். வாங்குபவரின் நம்பரில் மாநிலக் குறியீட்டைப் பார்த்ததும் சில சாஃப்ட்வேர் தானாக ஐஜிஎஸ்டிக்கு மாறிவிடும். டெமோவில் 32 நம்பர் ஒன்று போட்டுப் பாருங்கள்.

விற்றுவரவில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள், அதாவது ஆண்டு விற்றுவரவு ஒன்றரை கோடிக்குள் இருந்து அதைத் தேர்ந்தெடுத்தவர்கள், வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. அவர்களின் பில்லில் வரிக்கென்று ஒரு இடமே இருக்கக் கூடாது. அந்த வடிவம் சாஃப்ட்வேரில் இருக்கிறதா பாருங்கள். ஆரியங்காவில் ஒரு கிளை போடலாம் என்று நினைப்பவர்கள் கேரளாவுக்குத் தனி ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும். ஒரே பான் எண்ணில் இங்கே காம்போசிஷன், அங்கே சாதாரணம் என்று வைக்க முடியாது. ஒரே மெனுவை இரண்டு ஜிஎஸ்டி நம்பரில் ஓட்ட முடிகிற சிஸ்டமாக அவர்கள் தேட வேண்டும்.

ஸ்விக்கி, ஸொமாட்டோ வழியாக விற்பவர்களுக்கு 2022 ஜனவரி 1 முதல் அந்த விற்பனைக்கான ஜிஎஸ்டியை அந்த நிறுவனங்களே கட்டுகின்றன. அந்த விற்பனை தனி ரிப்போர்ட்டாக வராவிட்டால் மாதக் கடைசியில் ஆடிட்டர் உங்களைத் திட்டுவார். பில்லில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண்ணுக்கும் இடம் வேண்டும். சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறுகிற அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அப்படி ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது.

கல்லாவில் காசு கசிவது பெரும்பாலும் ரத்தான பில்லில்தான். வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் போன பிறகு பில்லை ரத்து செய்தால் சிஸ்டம் பணம் வரவில்லை என்றுதான் சொல்லும். அதனால் ஆளுக்கொரு கடவுச்சொல் இருக்க வேண்டும். யார், எத்தனை மணிக்கு, எந்த பில்லை ரத்து செய்தார், மறுபடி அடித்தார் என்ற பட்டியலை யாராலும் அழிக்க முடியாமல் இருக்க வேண்டும். சீட்டு உள்ளே போய் பில் ஆகாத அயிட்டங்களையும் அது காட்டட்டும். சரக்கு இருப்பு, ஒரு தோசைக்கு எத்தனை கிராம் மாவு என்ற பகுதியை முதல் வருஷமே காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்பேன். மாவு அரைக்கிறவர் அதையெல்லாம் தினமும் பதிய மாட்டார்.

சீசனில் நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருப்பவர்கள் கேட்க வேண்டியது ஒன்று: அன்றைய கணக்கு எத்தனை மணிக்கு முடியும்? பன்னிரண்டு மணிக்கே முடித்துவிடுகிற சிஸ்டத்தில் இரவு ஷிப்ட் பையனின் கல்லா இரண்டு நாளாக உடைந்து நிற்கும், எண்ணிக் கொடுப்பதற்குள் விடிந்துவிடும். அந்த நேரத்தை நாமே அதிகாலை நாலு மணி என்று மாற்றி வைக்க முடிய வேண்டும்.

பெட்பூஜா போல நாடு முழுக்க விற்பவையும் உண்டு, தென்காசி, திருநெல்வேலியில் உள்ளூர்த் தம்பிகள் செய்து தருவதும் உண்டு. நான் பெயரைப் பார்த்து முடிவு செய்யச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், யாராவது தமிழில் எடுக்கிறார்களா பாருங்கள். இரண்டாம் வருஷச் சந்தா எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள், முதல் வருஷ விலை எப்போதும் தள்ளுபடி விலைதான். விலகிப் போனால் மெனுவும் பழைய பில்களும் எக்செல்லில் கைக்கு வருமா என்றும் கேட்டு, அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிரிண்டர் அவர்கள் சாஃப்ட்வேரோடு மட்டும்தான் வேலை செய்யும் என்றால் நான் வாங்க மாட்டேன்.

மாற்றுவதற்கு எங்கள் பக்கம் நல்ல காலம் மாசி, பங்குனி. ஐயப்பன் சீசன் தையோடு முடிந்திருக்கும், குற்றாலச் சாரல் ஜூனில்தான் தொடங்கும். மாசியில் மெனுவை ஏற்றி, பங்குனி பிறந்ததிலிருந்து மார்ச் முடியும் வரை பழைய பில் புத்தகத்தையும் புதிய மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஏப்ரல் 1 அன்று நிதியாண்டோடு பில் நம்பரும் புதிதாகத் தொடங்கும், அன்றைக்கே புத்தகத்தை நிறுத்திவிடலாம்.