நாற்காலியின் அடியில் குனிந்து பாருங்கள்

தக்கலைப் பக்கம் வீடு வைத்திருப்பவனுக்கு ஒரு கடமை உண்டு. வெளியூர் உறவினர் வந்தால், பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போக வேண்டும். நான் முதன்முதலில் அந்தக் கடமையைச் செய்யப் போனது ஒரு திங்கட்கிழமை. வாசல் அடைத்திருந்தது. "அடுத்த தெருவில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாதா மாப்பிள்ளை?" என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த மாமா. திங்கள் விடுமுறை, மற்ற நாட்களிலும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைத்துவிடுவார்கள். 1956-இல் அரண்மனை இருக்கும் கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். பண்டிகை நாட்களில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த அரண்மனையோ வேறு அருங்காட்சியகமோ, பழைய ஆடையையும் நாற்காலி கட்டிலையும் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள் சில உண்டு. நேரத்தைச் சரிசெய்துகொள்வது எளிது. கையை அடக்குவதுதான் கடினம். துணியைக் கண்டால் இரு விரலால் நெருடிப் பார்ப்பது நம்முடைய பழக்கம். ஜவுளிக்கடையில் அது கெட்டிக்காரத்தனம், கண்காட்சியில் கேடு. அசல் சரிகையில் இருப்பது வெள்ளி இழை. மேலே தங்கப் பூச்சு, உள்ளே பட்டு நூல். கைவியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் பட்டுப்பட்டு அது கறுக்கும். ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கும் எல்லோரும் தன்னை அந்த ஒருவராகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆடைக் கூடம் இருட்டாக இருக்கிறது என்று சலித்துக்கொண்டு செல்போன் விளக்கைப் போடுவது அடுத்த தவறு. மின்சாரச் சிக்கனத்துக்காக வெளிச்சத்தைக் குறைத்து வைக்கவில்லை. பழந்துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அலுவலக மேசைக்கு 300 முதல் 500 வரை வேண்டும். கொடியில் மடித்துப் போட்டு மறந்துவிட்ட சேலையை நினைத்துப் பாருங்கள். வெயில் பட்ட மடிப்பு மட்டும் வெளுத்திருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தச் சாயம் திரும்பாது. கூடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிவிட்டால் கரையின் நூல்கூடத் தெரியும். போன வருடம் பார்த்த அங்கியை இந்த வருடம் காணோமே என்று காவலாளியிடம் கோபப்படவும் வேண்டாம். துணியை அவ்வப்போது வெளிச்சத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அது இப்போது ஏதாவது இழுப்பறைக்குள் ஓய்வில் இருக்கும்.

ஆடையைப் பார்த்ததும் "அந்தக் காலத்து ஆட்கள் இவ்வளவு குட்டையா?" என்று கேட்காதவர் இல்லை. அவசரத் தீர்ப்பு அது. பெரிய அளவு ஆடையை வெட்டித் தைத்து, அடுத்தவருக்கு அடுத்தவராக உடுத்தியே தீர்த்திருப்பார்கள். யாருக்கும் பொருந்தாத சின்ன அளவுதான் பெட்டிக்கடியில் தங்கியிருக்கும். முண்டும் நேரியதும் (இடுப்பில் ஒன்று, மேலே ஒன்றாக உடுத்தும் கேரள உடை) போன்ற தைக்காத துணிகளில் வேறு சிக்கல். பொம்மைக்கு அதைச் சுற்றியவர் இன்றைய அருங்காட்சியக ஊழியர். கொசுவத்தை விட்டுவிட்டு நெசவையும் கரையையும் பாருங்கள்.

இனி நாற்காலி, கட்டில். எனக்குப் பிடித்த பகுதி இது. அரண்மனையின் முகப்பு மண்டபமான பூமுகத்தில் நுழைந்தால் கூரையில் செதுக்கிய 90 வகைப் பூக்களைப் பார்க்க எல்லோரும் அண்ணாந்துவிடுவார்கள். குனிகிறவர் இல்லை. ஆனால் தச்சன் தன் உண்மையான வேலையைக் கண்ணில் படாத இடத்தில்தான் செய்கிறான். எங்கே பார்க்க நேர்ந்தாலும், சாய்வு நாற்காலி ஒன்றின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, தொடாமல், கால்மணி நேரம் பாருங்கள். காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஆணி இருக்கிறதா, மரமுளை அடித்திருக்கிறதா? முன்பக்கம் ஈட்டி மரம். பின்சட்டமும் அதே மரமா, அல்லது மலிவான வேறொன்றா? இருக்கையில் பிரம்பு பின்னியிருந்தால், அதன் ஓட்டைகள் அழகுக்காக மட்டும் அல்ல. நம் ஊர்ப் புழுக்கத்தில் முதுகுக்குக் காற்று வேண்டும். தோட்டத்துரைகளின் நாற்காலியில் கைச்சட்டம் முழங்காலையும் தாண்டி நீண்டிருப்பது காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தான். காலைத் தூக்கிப் போட்டவருக்கு எதிரே நின்றவர் யார் என்று அந்த நாற்காலியே சொல்லிவிடும்.

வழிகாட்டி சொல்வதை அப்படியே விழுங்குவதும் தவறு, காதில் வாங்காமல் ஓடுவதும் தவறு. மூலிகைக் கட்டில் 64 வகை மரத்தால் ஆனது என்பார். கறுப்புத் தரைக்குச் சிரட்டைக்கரியும் முட்டை வெண்கருவும் சேர்த்தார்கள் என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கட்டிலில் நிறம் மாறும் இடங்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். தரையைப் பற்றிக் கவலை வேண்டாம். செருப்பை வெளியே விட்டுவிட்டதால் பாதத்துக்கே அதன் குளிர்ச்சி தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, ஆடையை ஆடையாகவும் நாற்காலியை நாற்காலியாகவும் தனித்தனியே பார்த்துவிட்டு வருவது. திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா மகாராணிக்கு யானைத் தந்தத்தில் ஒரு சிம்மாசனம் செய்து அனுப்பினார். 1851-இல் லண்டன் மாபெரும் பொருட்காட்சியில் அதை வைத்தார்கள். அதே மன்னரின் ஆட்சியில், இதே கல்குளம், இரணியல் வட்டாரத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை அணிந்ததற்காக அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். 1859 ஜூலை 26-இல் அவர் பிறப்பித்த ஆணை, கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கட்டலாம் என்றது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் மட்டும் கூடாது என்றது.

அந்தச் சிம்மாசனம் இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் பத்திரமாக இருக்கிறது. அந்த முரட்டுத் துணியில் ஒரு முழத்தை நான் இதுவரை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் பார்த்ததில்லை.