கொக்கி இல்லாத வீட்டில் குழந்தையைத் தூங்க வைப்பது எப்படி?

அத்தை வீட்டில் இருந்தவரை பிரச்சினையே தெரியவில்லை. உத்தரத்தில் கொக்கி, பழைய சுங்குடிப் புடவையில் தூளி, ஆட்டிவிட நான்கு பேர். ஏழாம் மாதம் சென்னைக்கு அழைத்து வந்தோம். வாடகை ஃபிளாட். மேலே துளை போட்டால் அட்வான்ஸில் கழித்துக்கொள்வேன் என்றார் வீட்டுக்காரர். இரும்பு ஸ்டாண்டு வாங்கித் தூளி கட்டினோம். பாப்பா இரவில் ஐந்து முறை எழுந்தாள். நானும் மனைவியும் முறை வைத்து ஆட்டினோம். பத்தாவது நாள், ஆட்டிக்கொண்டே சுவரில் சாய்ந்து நான் தூங்கிவிட்டேன், பாப்பா விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுதான் தூளியை விடுவது என்று முடிவெடுத்தோம். மூன்று வாரம் ஆனது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. நான்கு மாதத்துக்குள் இதையெல்லாம் முயல வேண்டாம். வயிறு சிறியது, இரவிலும் பால் வேண்டும். பகல் எது, இரவு எது என்ற கணக்கும் உடம்புக்கு இன்னும் பிடிபட்டிருக்காது. ஏழு மாதத்திலும் எங்கள் மருத்துவரிடம் எடையைக் காட்டிக் கேட்ட பிறகுதான் தொடங்கினோம். இரவில் ஒரு முறை பால் கொடுப்பதை நிறுத்தவும் இல்லை.

1. பகலைச் சரிசெய்யுங்கள். காலை ஆறரைக்கு ஜன்னலைத் திறந்துவிடுவோம், முந்தைய இரவு எப்படிப் போயிருந்தாலும் சரி. 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மாலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் தூங்க விட்டால் அது இரவில்தான் குறையும். அந்தத் தூக்கத்தை நிறுத்தினோம்.

2. இரவுக்கு ஒரே வரிசை. வெந்நீரில் துடைப்பது, பால், விளக்கணைப்பு, தாலாட்டு. எங்கள் வீட்டில் இது ஏழரைக்கு. ஜீரோ வாட் பல்பு போடுவதானால் மஞ்சளோ சிவப்போ போடுங்கள், நீலம் வேண்டாம். தாலாட்டை போனில் போடாதீர்கள், நீங்களே பாடுங்கள். என் குரலுக்கே தூங்குகிறாள்.

3. படுக்கை. தரையில் கெட்டியான மெத்தை, எங்கள் பாய்க்குப் பக்கத்தில், ஆனால் தனியாக. மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கூடாது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று அத்தை தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணையும் அலமாரிக்குப் போனது (அத்தைக்கு இன்னும் வருத்தம்). கொசுவுக்கு லிக்விடை விட வலைதான் என் கட்சி. முகத்தில் சரிந்து விழாதபடி விறைப்பாக நிற்க வேண்டும்.

4. நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் வாரம் முழுக்க, தூளியில் நன்றாகத் தூங்க வைத்துவிட்டுப் பூப்போலத் தூக்கி மெத்தையில் கிடத்தினேன். சரியாக முக்கால் மணி நேரத்தில் வீறிட்டு எழுவாள். காரணம் பிறகுதான் புரிந்தது. குழந்தையின் தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவதில்லை. மணிக்கு ஒரு முறை போல மேலே வந்து, லேசாக விழித்து, மறுபடி அமிழும். கண்ணை மூடும்போது ஆடிக்கொண்டிருந்த தூளி, விழிக்கும்போது இல்லை. பேருந்தில் தூங்கி நடுவழிப் புல்வெளியில் கண் விழித்தால் நாமும் கத்தத்தான் செய்வோம்.

அதனால் தூங்கிய பிறகு மாற்றாதீர்கள், தூங்கும் முன் மாற்றுங்கள். நாங்கள் செய்தது: மூன்று நாள் தூளியின் வேகத்தைக் குறைத்தோம். அடுத்த மூன்று நாள், கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அசையாத தூளியிலேயே தூங்க விட்டோம். ஏழாம் நாள், கண் பாதி திறந்திருக்கும்போதே மெத்தைக்கு. அழுதாள். தூக்காமல் மார்பில் கை வைத்துத் தாலாட்டைத் தொடர்ந்தேன். முதல் நாள் நாற்பது நிமிடம். நான்காம் நாள் பத்து.

அறையை விட்டு வெளியே போய், நேரம் வைத்து, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் ஃபெர்பர் முறை பற்றியும் படித்தேன். ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் வெளியே போவது என்றால் சமையலறைக்குத்தான். அதை முயலவில்லை.

5. இரவில் சிணுங்கினால் உடனே ஓடாதீர்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள். குழந்தைகள் தூக்கத்திலேயே முனகும், முகம் சுளிக்கும், கையை உதறும். நான்தான் அதை அழுகை என்று நினைத்துத் தூக்கித் தூக்கி எழுப்பியிருக்கிறேன். நிஜமான அழுகை ஏறிக்கொண்டே போகும், முனகல் அடங்கிவிடும். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. தூக்குங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மூன்றாம் வாரக் கடைசியில் இரவு எட்டு முதல் இரண்டு, பால், பிறகு ஆறு. எங்களுக்கு அதுவே தீபாவளி. ஸ்டாண்டில் இப்போது துணி காய்கிறது.

பின்சேர்க்கை: பால் குடித்தபடியே தூங்கும் குழந்தைக்கு என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதுவும் தூளிக் கதைதான். பாலை வரிசையில் முன்னால் தள்ளுங்கள்: பால், அப்புறம் துடைப்பது, அப்புறம் தாலாட்டு. புட்டிப் பாலில் மாவு கரைத்துக் கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யாதீர்கள், புரையேறும். ஒரு வயதுக்குள் தேனும் வேண்டாம்.

இன்னொன்று: பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். கொக்கியில் தூளி தயாராக இருந்தது. அத்தையிடம் வாதாட முடியுமா? நான்கு நாள் ஆடினாள். திரும்பி வந்து நான்காவது படியை மறுபடி தொடங்கினோம், இந்த முறை மூன்று இரவுகளில் சரியானது.