கறந்து முடித்த பிறகு செய்யும் தவறு

புதிதாக இரண்டு மாடு, மூன்று மாடு வாங்கியவர்களின் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம், மடிநோயை, அதாவது கிருமி ஏறி மடி வீங்கிப் பால் கெடுவதை, வரவழைக்கும் அதே தப்புகளைத்தான் பார்க்கிறேன்; ஆரம்பத்தில் நானும் செய்தவைதான். கை கழுவுங்கள், பாத்திரத்தைத் தேய்த்து வையுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

கறந்ததும் மாட்டைப் படுக்க விடுவது

இதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடிவதில்லை. காம்பு நுனியின் துளை கறந்தவுடன் மூடிக்கொள்ளாது. அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு சாணத்திலும் மூத்திரத்திலும் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் ஏறிவிடும். நம் ஆட்களோ, மாடு அசையாமல் நிற்கட்டும் என்று கறக்கும்போதே பிண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு எல்லாவற்றையும் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். நாம் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குக் கிளம்புவதற்குள் வயிறு நிறைந்த மாடு படுத்துவிடுகிறது.

என் முதல் ஜெர்சி கலப்பு மாடு அப்படித்தான் தினமும் ஈரத்தில் படுத்தது. இரண்டாம் ஈற்று, வேளைக்கு ஆறு லிட்டர். ஒருநாள் சாயங்காலம் பின்பக்க இடது காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மடி கல் மாதிரி, தொட்டால் சூடு. காலையில் பார்க்கலாம் என்று விட்டேன். டாக்டர் வந்தபோது அந்தக் காம்பில் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. அப்புறம் அது பால் கொடுக்கவே இல்லை. மூன்று காம்பு மாடு என்று சந்தையில் பாதி விலைக்குக் கேட்டார்கள்.

கறக்கும்போது தவிடும் பிண்ணாக்கும் போதும். தட்டையோ பசும்புல்லையோ கறந்த பிறகு போடுங்கள், நின்றுகொண்டே தின்னும். கறந்த கையோடு 0.5 சதவீத அயோடின் கரைசலில் நான்கு காம்பையும் முக்கி எடுங்கள். நுனியில் ஒரு சொட்டு தொங்க வேண்டும்.

முதல் பீய்ச்சைத் தரையில் விடுவது

கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விடுங்கள். திரி இருந்தால் உடனே தெரியும்.

ஈர மடியோடு கறப்பது

வேண்டாம். ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி வைத்து மடியைத் துடையுங்கள்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவது

பால் தெளிந்ததும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். நோய் உள்ளேயே தங்கிவிடும். டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை நான்கு காம்புப் பாலையும் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள். அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.

வற்றுக்கால மாட்டை மறப்பது

ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்தும்போது, டாக்டரைக் கேட்டு நான்கு காம்புக்கும் வற்றுக்கால ட்யூப் (காம்புத் துளை வழியாக மடிக்குள் செலுத்தும் மருந்து) ஏற்றிவிடுங்கள். பால் தராத மாட்டுக்கு எதற்குச் செலவு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கன்று போட்ட அன்று சீம்பாலுக்குப் பதில் திரி வரும்போதுதான் என்னைத் தேடி வருகிறார்கள்.