பூச்சோங்கிலிருந்து பத்துமலைக்கு: பஸ், எல்ஆர்டி, கேடிஎம் மூன்றையும் சேர்த்துத் திட்டமிடுவது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை பத்துமலைக்குக் காரில் போனால் சாமி கும்பிடும் நேரத்தைவிட இடம் தேடி வண்டியை நிறுத்தும் நேரம்தான் அதிகம். அதனால் நானும் அம்மாவும் இப்போதெல்லாம் ரயிலில்தான் போகிறோம்: எல்ஆர்டி, எம்ஆர்டி என்ற கோலாலம்பூர் நகர ரயில்கள், கேடிஎம் என்ற புறநகர் ரயில். இது தெரிந்ததும் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்பவர்கள் என்று ஆளாளுக்கு "எங்கே ஏறணும், எங்கே மாறணும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதைவிட ஒரே தடவை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

உதாரணத்துக்கு, பூச்சோங்கில் உள்ள ஒரு தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) பத்துமலை முருகன் கோயில். நீங்கள் செராஸிலிருந்து செந்தூலுக்குப் போனாலும், காஜாங்கிலிருந்து மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போனாலும் முறை இதேதான். பஸ், ரயில் கட்டணத்துக்கான டச் அண்ட் கோ அட்டை எங்கே வாங்குவது, கதவில் எப்படித் தட்டுவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அட்டையில் போக, வர, கொஞ்சம் மிச்சம் என்ற அளவுக்குப் பணம் இருக்கட்டும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் ரயிலுக்குள் போக முடியாது.

படி 1: அரிதாக வரும் வண்டி எது?

புதிதாகத் திட்டமிடுபவர்கள் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடத் தொடங்குவார்கள். எட்டு மணிக்குக் கிளம்புகிறேன், எட்டேகாலுக்குப் பஸ், எட்டு நாற்பதுக்கு எல்ஆர்டி என்று போய், கடைசியில் கேடிஎம் மேடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியிருக்கும்.

தலைகீழாகப் போடுங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி இரண்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும், அவற்றுக்கு நேரம் பார்க்கத் தேவையே இல்லை. ஒன்றை விட்டால் அடுத்தது. கேடிஎம் கொமூட்டர் அப்படி இல்லை. அரை மணிக்கு ஒன்று, சில வேளைகளில் அதற்கும் மேல். தாமானுக்குள் ஓடும் ஃபீடர் பஸ்ஸும் அதே ஜாதிதான். ஆகவே முதலில் கேடிஎம் நேரத்தை முடிவு செய்யுங்கள், அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வாருங்கள்.

பேங்க் நெகாரா நிலையத்தில் காலை 9.00 மணிக்குப் பத்துமலை ரயில் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் 8.50க்கு நிற்க வேண்டும். பக்கத்திலுள்ள பண்டாராயா எல்ஆர்டி நிலையத்திலிருந்து அம்மா நடையில் வர கால் மணி, அதனால் 8.35க்குப் பண்டாராயாவில் இறங்க வேண்டும். பூச்சோங்கிலிருந்து பண்டாராயாவுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம், ஆக 7.50க்கு எல்ஆர்டி ஏற வேண்டும். பஸ் நிறுத்தத்தில் 7.20க்கு. இப்படி எண்ணினால், பசியாறலை வீட்டில் முடிப்பதா, பத்துமலை அடிவாரக் கடையில் தோசை சாப்பிடுவதா என்பதுவரை தானாக முடிவாகிவிடும்.

நேரத்துக்குக் கேடிஎம் நிறுவனமே வெளியிடும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். வாரநாளும் வாரக்கடைசியும் ஒன்றாக இருக்காது, சரியான பக்கத்தைத் திறந்து படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் நேரங்களையும் சேர்த்தே பிடியுங்கள்.

படி 2: அதே ரயிலை எங்கே பிடிப்பது?

பூச்சோங்கிலிருந்து பத்துமலைக்கு மூன்று வழிகள் இருப்பதாகச் செயலி காட்டும். உற்றுப் பார்த்தால் மூன்றிலும் கடைசியில் ஏறுவது ஒரே தடத்து ரயில்தான். தெற்கே புலாவ் செபாங், சிரம்பான் பக்கமிருந்து வரும் கேடிஎம், பண்டார் தாசேக் செலாத்தான், மிட்வேலி, கேஎல் சென்ட்ரல், பேங்க் நெகாரா, கம்போங் பத்து என்று வந்து பத்துமலையில் முடிகிறது. எந்த இடத்தில் அதன் முன்னால் போய் நிற்கிறீர்கள் என்பது மட்டும்தான் வேறுபாடு.

பண்டார் தாசேக் செலாத்தானில் மாறினால் சீக்கிரமே மாறிவிடலாம், உட்கார இடமும் கிடைக்க வாய்ப்பு அதிகம். வயதானவர்கள் கூட வந்தால் நான் இதைத்தான் சொல்வேன். பேங்க் நெகாராவில் மாறினால் சாலையோரம் கொஞ்சம் நடக்க வேண்டும், ஆனால் நகருக்குள் வேறு வேலை இருந்தால் வசதி. மூன்றாவது வழி, சுங்கை பீசியில் இறங்கி எம்ஆர்டி புத்ராஜெயா தடத்துக்கு மாறி, குவாசா டாமான்சாரா பக்கம் போகும் ரயிலில் கம்போங் பத்து வரை போவது. அங்கிருந்து கேடிஎம்மில் தாமான் வாஹ்யூ, அடுத்து பத்துமலை. 2023 மார்ச்சில் அந்த எம்ஆர்டி முழுதாகத் திறந்த பிறகு கிடைத்த வழி இது. வீட்டில் தாமதமாகிவிட்டால் எனக்குக் கைகொடுப்பது இதுதான், ஏனென்றால் கேடிஎம் பயணத்தில் பெரும்பகுதியை எம்ஆர்டியின் வேகத்தில் கடந்துவிடுகிறோம்.

படி 3: நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள்

இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கோலாலம்பூரில் புதிதாக ரயில் ஏறுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒரே பெயர் இருந்தால் ஒரே இடம் என்று நினைப்பது இயல்பு. இங்கே அது செல்லாது. செந்தூல் என்று எல்ஆர்டியிலும் ஒரு நிலையம் உண்டு, கேடிஎம்மிலும் ஒன்று உண்டு. எம்ஆர்டியில் செந்தூல் வெஸ்ட். மூன்றும் மூன்று இடங்கள், ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்கு மாறும் ஏற்பாடு கிடையாது. பூச்சோங்கிலிருந்து வரும் எல்ஆர்டி செந்தூலுக்குப் போகிறது, கேடிஎம்மும் செந்தூலில் நிற்கிறது, சரி அங்கேயே மாறிக்கொள்ளலாம் என்று காகிதத்தில் பார்த்தால் அருமையாகத் தெரியும். நேரில் போனால் வெயிலில் வழி விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சாலாக் செலாத்தானிலும் இதே கதை, எல்ஆர்டிக்கு ஒன்று, கேடிஎம்முக்கு ஒன்று. எம்ஆர்டியின் கெந்தோன்மென் வேறு, கேடிஎம்மின் பத்து கெந்தோன்மென் வேறு. அம்பாங்கும் அம்பாங் பார்க்கும் பக்கத்துப் பக்கத்தில்கூட இல்லை.

இதற்கு நேர்மாறாக, பெயர் வேறாக இருக்கும், ஆனால் இணைந்திருக்கும். எம்ஆர்டி முசியம் நெகாராவில் இறங்கினால் நடைபாதை வழியே கேஎல் சென்ட்ரலுக்குப் போய்விடலாம். எல்ஆர்டி பிளாசா ராக்யாட்டும் எம்ஆர்டி மெர்டேக்காவும் அப்படித்தான். பண்டாராயாவும் பேங்க் நெகாராவும் நடக்கும் தூரம், எல்ஆர்டி பிடபிள்யூடிசியும் கேடிஎம் புத்ராவும் நடக்கும் தூரம். பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்திலிருந்து மேம்பாலத்தில் நடந்தால் பாசார் செனி. அங்கிருந்து ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம்.

எனவே பெயரை விட்டுவிட்டு, நிலையச் சுவரில் இருக்கும் தட வரைபடத்தில் மாறும் இடத்துக்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தடங்களின் வட்டங்கள் ஒன்றாகவோ கோட்டால் சேர்த்தோ போட்டிருந்தால் மாறலாம், இல்லையென்றால் பெயர் என்னவாக இருந்தாலும் மாற முடியாது.

இன்னொன்று. மாறும் இடமாகவே இருந்தாலும் வெளியே தட்டிவிட்டு மறுபடி உள்ளே தட்ட வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். மஸ்ஜித் ஜாமெக், பாசார் செனி, ஹங் துவா, துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் ஆகியவற்றில் உள்ளேயே மாறிக்கொள்ளலாம். கேடிஎம்முக்கு எங்கே மாறினாலும் வெளியே வந்துதான் போக வேண்டும், அது வேறு நிறுவனம், வேறு கட்டணம். கேஎல் சென்ட்ரலில் மோனோரயிலுக்குப் போவதென்றால் நியூ சென்ட்ரல் பேரங்காடியின் வழியே நடந்தாக வேண்டும். அந்த நடைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், கூட வருபவர்கள் கடை கண்ணியைப் பார்க்காமல் வரக்கூடியவர்களாக இருந்தால்.

படி 4: ரயில் நெற்றியைப் படியுங்கள்

போகும்போது எல்ஆர்டியில் குழப்பமில்லை. பூச்சோங்கில் நகரத்துப் பக்க மேடையில் வருவதெல்லாம் செந்தூல் தீமோர்தான். கேடிஎம்மில்தான் கவனம் தேவை. கேஎல் சென்ட்ரலிலிருந்து புத்ரா வரை ஒரே தண்டவாளத்தில் இரண்டு தடங்கள் ஓடுகின்றன. ஒன்று பத்துமலை, மற்றது தஞ்சோங் மாலிம். பேங்க் நெகாராவில் முதலில் வந்த ரயிலில் ஏறிவிட்டு, அடுத்து செகாம்புட் என்று அறிவிப்பு கேட்டால் தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். ரயிலின் முன்பக்கப் பலகையில் 'பத்து கேவ்ஸ்' (பத்துமலை) என்று இருக்கிறதா எனப் பார்த்து ஏறுங்கள். நடுவிலிருக்கும் பெட்டி பெண்களுக்கு மட்டும். கூட்ட நாளில் அம்மாக்களுக்கு உட்கார இடம் கிடைக்க அதுதான் நல்ல வழி.

திரும்பும்போது எல்ஆர்டியில் கவனம். நகரத்திலிருந்து ஒரே மேடைக்கு அம்பாங் ரயிலும் வரும், புத்ரா ஹைட்ஸ் ரயிலும் வரும். பூச்சோங்குக்குப் புத்ரா ஹைட்ஸ். அம்பாங் ரயிலில் ஏறிவிட்டாலும் பயமில்லை, சான் சோ லின் வரை இரண்டும் ஒன்றுதான், அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம். அடுத்து மிஹார்ஜா வந்துவிட்டால் உடனே இறங்கித் திரும்புங்கள்.

படி 5: பஸ்

ரயிலைவிடப் பஸ் கடினம் என்பார்கள். பஸ் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். T என்று தொடங்கினால் ஃபீடர், தாமானைச் சுற்றி எல்ஆர்டி அல்லது எம்ஆர்டி நிலையத்துக்கு விடும், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கம் திசையைச் சொல்லும். 1 ஜாலான் ஈப்போ பக்கம், 3 அம்பாங், 4 செராஸ், 6 பூச்சோங், 7 சுபாங், 8 டாமான்சாரா.

ஃபீடர் பஸ்கள் பல வட்டமாகச் சுற்றி வருபவை. சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நிலையத்துக்கு ஐந்து நிமிடமும் ஆகலாம், தாமான் முழுவதையும் பார்த்துவிட்டு இருபது நிமிடமும் ஆகலாம். எந்த வரைபடச் செயலியும் இதை விளக்கிச் சொல்லாது. முதல் முறை ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள்.

பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க எனக்குப் பிடித்தது, இந்த பஸ்களையும் எல்ஆர்டி, எம்ஆர்டியையும் நடத்தும் ரேபிட் கேஎல்லின் பல்ஸ் செயலி. பஸ் நகர்வதை வரைபடத்திலேயே காட்டும், நிறுத்தத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தெரிந்துவிடும். கூகுள் மேப்ஸை நான் வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடக்கும் வழி பார்க்க மட்டும் வைத்திருக்கிறேன். ஐந்தாறு செயலிகளை ஏற்றி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை.

பஸ் வரும்போது கையை நீட்டுங்கள். நிறுத்தத்தில் ஆள் நிற்பதைப் பார்த்தாலே நிறுத்துவார் என்று நம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் பஸ் போய்க்கொண்டே இருக்கும். ரொக்கம் வாங்க மாட்டார்கள், அட்டைதான். ஏறும்போதும் தட்டுங்கள், இறங்கும்போதும் தட்டுங்கள்.

படி 6: திரும்பும் ரயிலை முதலில் பாருங்கள்

பத்துமலை நிலையம் கோயிலை ஒட்டியே இருக்கிறது, இறங்கினால் ஐந்து நிமிடத்தில் அடிவாரம். 272 படிகள் ஏறி இறங்க, மேலே குகைக்குள் நிற்க, பூஜை பார்க்க என்று நேரம் போவதே தெரியாது. அதனால் படி ஏறும் முன்பே எந்த ரயிலில் திரும்புவது என்று இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் அடுத்தது. தைப்பூசத்துக்குக் கூடுதல் ரயில்கள் விடுவார்கள், அப்போது வழக்கமான அட்டவணை எதற்கும் உதவாது. தனியாக அறிவிப்பதைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

டச் அண்ட் கோ செயலியில் நிறையப் பணம் இருந்தும் ரயில் நிலையக் கதவு திறக்கவில்லை என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். செயலியில் இருக்கும் பணம் வேறு, அட்டைக்குள் இருக்கும் பணம் வேறு. டோலில் செயலியிலிருந்தே கழியும் வசதி இருப்பதால் ரயிலிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ரயிலுக்கு அட்டைக்குள்ளேயே பணம் இருக்க வேண்டும். 2022க்குப் பிறகு வந்த புதுவகை அட்டையைக் கைப்பேசியின் பின்புறம் வைத்துச் செயலியிலிருந்து பணத்தை ஏற்றலாம், பழைய அட்டையில் அது முடியாது. பழையதை வைத்திருந்தால் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் ஏற்றுங்கள்.

மை50 அட்டையில் பத்துமலைக்குப் போகலாமா என்று இன்னொருவர். 50 வெள்ளிக்கு 30 நாள் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ் எல்லாம் ஏறலாம், மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். கேடிஎம் அதில் சேராது. ஆகவே எல்ஆர்டி வரை மை50, கேடிஎம்முக்குத் தனிக் கட்டணம். மாதம் ஒரு முறை கோயிலுக்குப் போவதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம், தினமும் வேலைக்கு ரயிலில் போகிறவர்களுக்குத்தான் லாபம்.

அறுபது வயதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்கு ரேபிட் கேஎல்லில் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கு மைகார்டோடு (அடையாள அட்டையோடு) நிலையத்தின் வாடிக்கையாளர் முகப்பில் பதிந்துகொள்ள வேண்டும். பயணம் போகும் நாளன்று காலையில் வரிசையில் நிற்காமல், முந்தைய வாரமே முடித்துவிடுங்கள்.