உதிர்ந்த புட்டே கூலி: ஆவணி மூலத்துப் புட்டு அவிக்கும் முறை

புட்டு அவிக்கிற எல்லோருக்கும் ஒரே கவலை, அது கட்டிபிடித்துவிடக் கூடாதே என்பது. மதுரை வந்திக் கிழவிக்கு நேர்மாறான கவலை. அவளிடம் வேலைக்கு வந்த ஆள் பேசிய கூலி, உதிர்ந்த புட்டு மட்டும்தான். உதிராமல் முழுசாக வருவதை அவள் விற்றுக்கொள்ளலாம். அன்றைக்கென்று பார்த்து, அவித்த ஈடெல்லாம் உதிர்ந்தே விழுந்தது. வந்த ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அத்தனையையும் சாப்பிட்டுவிட்டான்.

வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் உத்தரவு போட்டான். புட்டு விற்றுப் பிழைக்கிற தனிக்கிழவி யாரை அனுப்புவாள்? அவளுக்காகக் கூடையும் மண்வெட்டியுமாக வந்த ஆள், நாலு கூடை மண்ணைக் கொட்டுவதற்குள் பாடினான், ஆடினான், கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்துத் தூங்கினான். பாண்டியன் பிரம்பை எடுத்து ஓர் அடி வைத்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலும் விழுந்தது. அரசி, மந்திரி, ஊரார், கருவிலிருந்த பிள்ளை என்று ஒருவர் மீதியில்லை. அடிபட்டவன் ஒரு கூடை மண்ணைத் தட்டிவிட்டு மறைந்தான். கரை அடைந்துவிட்டது.

சிவபெருமானின் 64 திருவிளையாடல்களில் இது 61ஆவது, மண் சுமந்த படலம். தெய்வம் கூலிக்கு வந்து, வயிறாரத் தின்று, வேலை நேரத்தில் தூங்கி, அதற்காக அடியும் வாங்கியதை இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்கிற பலகாரக் கதை வேறு எதற்கு இருக்கிறது? இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரர் தங்கக் கூடையும் மண்வெட்டியுமாக, மீனாட்சியோடு வைகைக் கரைப் பக்கத்துப் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார்.

ஆகவே இந்தப் புட்டுக்கு உதிர்வதுதான் பதம். குழாய்ப் புட்டைப்போல உருளையாக நிற்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் உதிர்வது வேறு, வறண்டுபோவது வேறு. பருக்கை பருக்கையாகப் பிரியவும் வேண்டும், வாயில் போட்டால் மெத்தென்றும் இருக்க வேண்டும். இங்கே சொல்வது வெல்லப் பாகு சேர்த்த புட்டு. ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.

வேண்டியவை: பச்சரிசி 400 கிராம், பாகு வெல்லம் 350 முதல் 400 கிராம், துருவிய தேங்காய் அரை மூடி, நெய் 3 மேசைக்கரண்டி, முந்திரி 15, ஏலக்காய் 5, மஞ்சள்தூளும் உப்பும் ஒரு சிட்டிகை. அரிசி பழையதாக இருக்கட்டும். புது அரிசி ஒட்டும் தன்மை கூடியது, ஆரம்பத்திலேயே எதிராக நிற்கும்.

அரிசியைக் கழுவி அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுக்க வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். 20 நிமிடம் போதும். கையில் அள்ளினால் அரிசி ஈரமாகத் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். மாவு மைபோல ஆகிவிடக் கூடாது, தொட்டால் மெல்லிய நரநரப்பு இருக்க வேண்டும். இடியாப்ப மாவில் புட்டு சரியாக வராததற்குக் காரணம் அதன் நைசுதான். நைசான மாவு தண்ணீரைச் சட்டென்று குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆவி நுழைய இடைவெளியும் இருக்காது. கடையில் வாங்குவதென்றால் புட்டு மாவு என்றே கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வறுப்பது. பலரும் அவசரப்படுகிற இடம் இதுதான். அடிகனமான வாணலியில், சிறு தீயில், கை விடாமல் 10 முதல் 12 நிமிடம் வறுக்க வேண்டும். முதலில் மாவு ஈரத்தில் கட்டிகட்டியாக விழும். கொஞ்ச நேரத்தில் ஆவி கிளம்பும், பிறகு மாவு இலகுவாகி மணல்போல ஓட ஆரம்பிக்கும். ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோலம் இழுத்துப் பாருங்கள். இழை அறுபடாமல் வந்தால் பதம் சரி. திட்டுத்திட்டாக விழுந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. லேசான பொன்னிறம் வரலாம், சிவக்க விட்டால் கசக்கும். வறுத்த மாவு தண்ணீரை மெதுவாகவும் ஒரே சீராகவும் குடிக்கும். வறுக்காத மாவு தண்ணீர் பட்ட இடத்திலேயே பசையாகும். உதிர்வதற்கான அடித்தளம் இந்த வாணலியில்தான் போடப்படுகிறது.

மாவு ஆறியதும் 200 மில்லி வெந்நீரில் உப்பும் மஞ்சள்தூளும் கரைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக ஊற்றாதீர்கள். கையால் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். பிசைவது இல்லை, விரல் நுனியால் பிசிறுவது. பிடித்தால் பிடிபட வேண்டும், பெருவிரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள், தண்ணீர் மீந்தாலும் பரவாயில்லை. மூடி வைத்து அரைமணி கழித்துத் திரும்பத் தொட்டுப் பாருங்கள், மாவு ஈரத்தை உள்ளே இழுத்து வறண்டிருக்கும். இன்னும் இரண்டு கை தெளிக்க வேண்டியிருக்கலாம். பிறகு பெரிய கண் சல்லடையில் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கட்டி எல்லாம் உடைந்து, மாவு ரவைபோலப் பொலபொலவென்று விழும்.

இட்லித் தட்டில் ஈரத்துணி விரித்து மாவைத் தூவினாற்போலப் போடுங்கள், அழுத்த வேண்டாம். விரலால் நாலைந்து இடத்தில் குழி செய்தால் ஆவி மேலே ஏறும். இட்லிப் பானை மூடியின் உட்புறம் ஒரு துணி கட்டுவது அவசியம். இல்லாவிட்டால் மூடியில் சேர்கிற நீர் சொட்டி, விழுந்த இடமெல்லாம் கொழுக்கட்டை மாதிரி ஆகும். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை வைத்து 12 முதல் 15 நிமிடம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. நடுவில் வெள்ளை மாவு தெரிந்தால் ஒரு கை நீர் தெளித்துக் கிளறி, இன்னும் 5 நிமிடம் அவியுங்கள். வெந்ததை அகலமான தாம்பாளத்தில் கொட்டிச் சூட்டோடு உதிர்த்துவிடுங்கள்.

இனி பாகு. வெல்லத்தை 120 மில்லி தண்ணீரில் கரையவிட்டு, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். பாகில் ஒரு சொட்டு எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். முதலில் கரையும், அடுத்து இழுபடும், அதற்கடுத்து மெத்தென்று உருளும். மெத்தென்று உருளும்போது நிறுத்துவது அதிரசத்துக்கு, புட்டுக்கு இன்னும் மேலே போக வேண்டும். உருட்டிய உருண்டையைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு அது சுமார் 125 டிகிரி செல்சியஸ். இளம்பாகு என்றால் அதிலுள்ள நீரை மாவு குடித்து, புட்டு களியாகிவிடும். கெட்டிப் பாகில் மாவுக்குக் கொடுக்க நீர் மிச்சமில்லை, ஒவ்வொரு பருக்கையின் மேலும் மெல்லிய பூச்சாக ஏறி நின்றுவிடும்.

அடுப்பை அணைத்த கையோடு பாகைப் புட்டின் மேல் சுற்றி ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கரண்டியின் அகன்ற பக்கம் மாவை அழுத்திக் கட்டியாக்கும். கலந்த உடனே பார்த்தால் எல்லாம் கொழகொழவென்று, கெட்டுவிட்டதுபோலத் தெரியும். பயந்துபோய் இன்னும் வறுத்த மாவை அதில் சேர்த்துவிடாதீர்கள். மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கையால் உதிர்த்தால் பொலபொலவென்று வரும். அப்போது நெய்யில் பொன்னிறமாக வறுத்த தேங்காய், முந்திரி, மீதி நெய், ஏலக்காய்ப்பொடி சேருங்கள்.

ஒரு மணி கழித்தும் சேறாகவே இருந்தால் பாகு இளசு. வாணலியில் ஒரு கரண்டி நெய் விட்டுச் சிறு தீயில் கிளறினால் ஈரம் போய் ஓரளவு உதிரும், முதல் தரம் வராது. கல்லாக இறுகினால் பாகு முற்றிவிட்டது. மூன்று நான்கு கரண்டி வெந்நீர் தெளித்து, 5 நிமிடம் ஆவியில் வைத்து எடுத்துச் சூட்டோடு உதிர்த்தால் மீண்டுவிடும். முற்றிய பாகைச் சரிசெய்வது இளம்பாகைச் சரிசெய்வதைவிட எளிது. சந்தேகம் வந்தால் அரை நிமிடம் கூடவே கொதிக்க விடுங்கள்.

படைக்கும்போது கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்து அழகு பார்க்க வேண்டாம். வாழையிலையில் உதிரியாகவே குவித்து வையுங்கள், அவர் கேட்ட கூலி அதுதான். தேங்காயை ஈரம் போக நன்றாக வறுத்திருந்தால், ஈரக்கை படாமல் மறுநாள் வரை வெளியில் தாங்கும். பச்சையாகப் போட்டிருந்தால் அன்று இரவுக்குள் தீர்த்துவிடுங்கள்.