தேங்காய்ப்பால் ஊற்றினால் மட்டும் போதாது: பாலில்லாத பாஸ்தாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்கா மகனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பாஸ்தா என்றால் உயிர். ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள எங்கள் மண்டபம் ஊரில் தேங்காய்க்கா பஞ்சம்? க்ரீமுக்குப் பதில் கெட்டியான முதல் பாலை ஊற்றித் தளதளவெனக் கொதிக்கவிட்டேன். எண்ணெய் மிதக்க, திப்பிதிப்பியாக ஒன்று வந்தது.

கீழக்கரையில் ஆணம் (குழம்பு) காய்ச்சுபவர் யாரும் அப்படிச் செய்ய மாட்டார். இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கிவிடுவார்கள். தேங்காய்ப்பாலில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்திருப்பது அதிலுள்ள புரதம். கொதி ஏறினால் அது உறைந்து பிடியை விட்டுவிடும். புளிப்பும் அதே வேலையைச் செய்யும். எனவே எலுமிச்சையை இறக்கிய பிறகே பிழியுங்கள்.

பாஸ்தா வெந்த நீரை அப்படியே வடித்துக் கொட்டுவது இன்னொரு தவறு. சோற்றுக் கஞ்சி மாதிரி அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கரண்டி விட்டால் சாஸ் பிரியாது, பாஸ்தாவிலும் ஒட்டும். அந்த நீரில் ஏற்கெனவே உப்பு உண்டு, சாஸுக்குக் கடைசியில் பார்த்துப் போட்டால் சரி.

தேங்காய் வாசம் பிடிக்காதவர்களுக்கு முந்திரி. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மையாக அரைக்க வேண்டும். சூடேற ஏற இறுகும் என்பதால் கொஞ்சம் தண்ணியாகவே அரையுங்கள். கறிவேப்பிலை தாளிக்கக் கை பரபரக்கும்; தாளித்தால் அது சொதி.

கடையில் 'நான்-டெய்ரி' (பால் சேராதது) என்று விற்கும் க்ரீமரை நம்பிவிடாதீர்கள். பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை செரிக்காதவருக்கு நெய் பெரும்பாலும் தொல்லை தராது. பால் ஒவ்வாமை உள்ளவருக்கு நெய்யும் ஆகாது, கேசினேட்டும் ஆகாது. வீட்டில் இருப்பவருக்கு இரண்டில் எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

சீஸ் இல்லையே என்று வருந்த வேண்டாம். இத்தாலியில் மீன், இறால் போட்ட பாஸ்தாவுக்கு வழக்கமாகச் சீஸ் தூவ மாட்டார்கள். பூண்டு, மிளகு, பாம்பன் இறால் போதும். இறாலைத் தனியே இரண்டு மூன்று நிமிடம் வதக்கிக் கடைசியில் சேருங்கள். கணவாயும் அப்படித்தான், சாஸிலேயே கிடந்தால் ரப்பராகிவிடும்.

மிஞ்சியதை மறுநாள் சூடாக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சிறுதீயில் கிளறுங்கள். எங்கள் வீட்டில் மிஞ்சுவதில்லை.