வீடு யார் கண்ணுக்காக? மன நிம்மதியைக் கெடுக்கும் உள் அலங்காரத் தவறுகள்

புதிதாக வீட்டை அலங்கரித்தவர்களிடம் ஆறு மாதம் கழித்துப் பேசினால் ஒரு வருத்தம் அடிக்கடி காதில் விழும்: "பார்க்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உட்காரத்தான் தோணலை." நிறத்திலோ பொருளிலோ குறை இருக்காது. வாசலில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு எல்லாம் பொருத்தமாகவே இருக்கும். அங்கே காலை முதல் இரவு வரை இருக்கப் போகிறவரின் உடம்புக்கு எது தேவை என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

வெளிச்சத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதிகம் கெடுவது அங்கேதான். கூரை முழுக்க வரிசையாகப் பளீரென்ற வெள்ளை விளக்குகள், எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்ச். பொழுது சாய்ந்தாலும் அறைக்குள் நடுப்பகல்தான். நம் விழித்திரையில் சில செல்கள் இருக்கின்றன. இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதே அவற்றின் முக்கிய வேலை. அவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002-ல்தான் உறுதியானது. நீலம் கலந்த ஒளி பட்டால் அவை பகல் என்றே சொல்லும். அப்போது உறக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்னச் சொல்லுக்குக்கூடக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கும் முந்தைய நாள் எரிந்த விளக்குக்கும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

பல்பு வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டிருக்கும் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 2700 முதல் 3000 வரை என்றால் மஞ்சள் சாய்ந்த இதமான ஒளி. 6500 என்றால் நீலம் தட்டும் வெள்ளை. மாலையில் புழங்கும் அறைகளுக்கும் படுக்கையறைக்கும் முதல் வகையே போதும். கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே ஒரு மேசை விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். அறை சற்று அடங்கியது போலிருக்கும்.

பகலில் நடப்பது இதற்கு நேரெதிரான தவறு. மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும்; வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறுதான். அந்தக் கொஞ்சத்தையும் கனத்த திரைச்சீலையாலோ, ஜன்னலை ஒட்டி நிறுத்திய அலமாரியாலோ மறைத்துவிடுகிறோம். சுவர் அளவு சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக ஜன்னலைப் பலிகொடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. முடிவு 1984-ல் வெளியானது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்று முடிவெடுக்க எனக்கு அது போதும்.

நாற்காலி என்றதும் அடுத்த தவறு. சோபா, இருக்கை எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டி, டிவியைப் பார்த்தபடி. நடுவில் பெரிய வெற்றிடம் கிடைக்கும், அறை விசாலமாகத் தெரியும், உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. 1950-களில் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் இதைக் கவனித்தார். முதியவர்கள் இருந்த ஒரு வார்டில் நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் வரிசையாக இருந்தன, பேச்சுக் குரலே இல்லை. உளவியலாளர் ராபர்ட் சோமர் அவற்றைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். சில வாரங்களில் அங்கே உரையாடல் ஏறக்குறைய இரு மடங்கானது. மனிதர்கள் அதே மனிதர்கள். உங்கள் கூடத்தில் இரண்டு இருக்கைகளையாவது ஒன்றையொன்று சற்றுச் சாய்வாகப் பார்க்கும்படி போடுங்கள். முழங்கால் இடிக்கக் கூடாது, அதே சமயம் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும்.

அதேபோல, நெடுநேரம் உட்காரும் இடத்தில் முதுகுக்குப் பின்னால் வாசல் இருப்பதைத் தவிருங்கள். யாரோ வருகிறார்களா என்று உடம்பு கவனித்துக்கொண்டே இருக்கும். பின்னால் சுவரும் முன்னால் பார்வை நீளும் இடமும் இருந்தால் ஆசுவாசமாக இருக்கும்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு தேவையா என்று எனக்குத் தோன்றும். நீலம் அமைதி, மஞ்சள் மகிழ்ச்சி என்ற பட்டியலை நம்பிச் சுவர் முழுக்கப் பிடிக்காத நிறத்தைப் பூசியவர்கள் உண்டு. 1979-ல் சியாட்டிலில் ஒரு கடற்படைச் சிறை அறைக்கு ஒரு வகை இளஞ்சிவப்பு அடித்ததும் கைதிகளின் மூர்க்கம் குறைந்தது என்று பெரிதாகப் பேசப்பட்டது. பிற்பாடு சுவிட்சர்லாந்தில் முறையாகச் சோதித்து 2015-ல் வெளியிட்டபோது அப்படி ஒரு பலனே தென்படவில்லை. உங்களுக்குப் பிடித்த நிறத்தைக் கொஞ்சம் மங்கலாகத் தேர்ந்தெடுங்கள், முதலில் ஒரு சுவரில் அடித்து இரவு விளக்கிலும் பாருங்கள்.

செடிகளும் அப்படித்தான். நாசாவின் 1989 ஆய்வைச் சொல்லி, காற்றைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்கள். அந்தச் சோதனை நடந்தது மூடிய சிறு பெட்டிகளில். சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளே செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை என்று 2019-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பசுமை பிடிக்கும் என்பதற்காக வையுங்கள், காற்றுக்கு ஜன்னலைத் திறங்கள்.

அடைசல் இதைவிடப் பெரிய விஷயம். கலிபோர்னியாவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள். தங்கள் வீடு அடைசலாக, வேலை முடியாமல் கிடப்பதாகச் சொன்ன பெண்களுக்கு, மாலையில் இறங்க வேண்டிய கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சரியாக இறங்கவில்லை. ஒவ்வொரு குவியலும் முடியாத வேலையை நினைவூட்டுகிறது, அந்தச் சுமையும் பெரும்பாலும் ஒருவர் தலையிலேயே விழுகிறது. எனவே கதவில்லாத திறந்த அலமாரிகளை அதிகம் வைக்காதீர்கள். படத்தில் அழகு, தினசரி வாழ்க்கையில் அது ஓயாத அடுக்கும் வேலை.

அதற்காக எல்லாவற்றையும் துடைத்தெறிவதும் தவறுதான். பழைய புகைப்படம், கை பட்டுத் தேய்ந்த நாற்காலி, குழந்தை கிறுக்கிய படம், "செட் ஆகவில்லை" என்று இவற்றையெல்லாம் வெளியேற்றிய வீட்டில் அங்கே வாழ்பவரின் சுவடே இருக்காது. வடிவமைப்பாளர் மறுத்தாலும் அந்த நாற்காலிக்காக வாதாடுங்கள்.

சத்தத்தைக் கடைசி வரை யாரும் யோசிப்பதில்லை. வழவழப்பான தரை, கண்ணாடி, வெற்றுச் சுவர் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிக்கும். நான்கு பேர் பேசினாலே சந்தை போலிருக்கும். தரைவிரிப்பு, துணி இருக்கை, புத்தக அலமாரி இதைக் கணிசமாகத் தணிக்கும். நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. தெருவைப் பார்த்த அறையில் கட்டில் போடுவதற்கு முன் ஒரு இரவு அங்கே படுத்துப் பாருங்கள். ஜன்னல் விளிம்பில் இருக்கும் இடுக்கை அடைத்தாலே நிறைய சத்தம் குறையும்.

அப்புறம், வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் அவரவர் இடத்தில் எழுதிப் பாருங்கள். தொந்தரவு இல்லாமல் அரை மணி நேரம் உட்கார ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, அவ்வளவுதான். யாருடைய பெயரையாவது எழுத இடம் கிடைக்கவில்லையா? அவரைக் கூப்பிட்டு எங்கே வேண்டும் என்று கேட்டுவிட்டு, அந்த மூலையிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.